‘வியாழக்கிழமை மூடி’ என் கதை

தாளையும் பேனாவையும் மேசையில் வைத்து, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எத்தனை சொல்லுக்குள் என்று கேட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது. எல்லை இல்லாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆயிரம் சொல் என்றால் ஆயிரம் சொல்லுக்குள் ஒரு ஆளைப் பிறக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, சாகவும் வைத்துவிடுவேன். அளவே இல்லை என்றால் முதல் வரியே ஓடாது.

சரி, ஓடுகிறவரை ஓடட்டும்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். உங்களுக்குத் தெரியும், போன தடவை விசாரிக்க வந்தபோது ஒரு தலைவலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு போனீர்கள். கல்யாணம் ஆகவில்லை. சினிமா, கோயில், ஊர்வம்பு எதிலும் பெரிய நாட்டம் இல்லை. எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு கதைப்போட்டி. பத்திரிகை, வாசகர் வட்டம், நூலகம், யார் போட்டி வைத்தாலும் எழுதுவேன். ஒரு சோப்புக் கம்பெனிகூட ஒருமுறை வைத்தது. கதையில் எங்காவது ஒரு குளியல் வர வேண்டும் என்பது விதி. நான் பிணத்தைக் குளிப்பாட்டுகிற கதை எழுதி அனுப்பினேன். விதியை நான் மீறவில்லை, ஆனாலும் அவர்களிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

மைனாவுக்கும் இதே பைத்தியம். வாய் ஓயாது என்பதால் நான் வைத்த பெயர் அது. எங்கள் கடைக்கு நேர் எதிரே இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே பல்லைக் குடைகிற சத்தம் கேட்டு நோயாளிகள் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்க, அவள் பாட்டுக்கு டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் காதல் கதை எழுதிக்கொண்டிருப்பாள். என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிடுவாள். என்னை அப்படிக் கூப்பிட வேறு யாருக்கும் நான் இடம் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை மதியம் டீக்கடை மாடியில் சந்திப்போம். அவள் கதையை நான் படிப்பேன், என் கதையை அவள் படிப்பாள். படித்து முடிக்கிறவரை எழுதியவள் வாயைத் திறக்கக் கூடாது. எங்களுக்குள் தீர்ப்பு இரண்டே இரண்டுதான்: ‘வந்திருச்சு’, அல்லது ‘சரியா வரல.’ அவள் ‘வந்திருச்சு’ என்று சொல்லிவிட்டால் அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படாது. பரிசு வந்தாலும் வராவிட்டாலும் கவலைப்பட மாட்டேன். அப்படி ஒரு முட்டாளாக இருந்தேன்.

கதைகளைக் கணினி மையத்தில் கொடுத்து அச்செடுப்பதும், தபாலில் சேர்ப்பதும் என் வேலை. போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. கதைத் தாளில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. பெயரும் முகவரியும் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்கிற உறுதிமொழியும் தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சின்ன உறையில் ஒட்டி வைக்க வேண்டும். நடுவர் தேர்ந்தெடுத்த பிறகுதான் அதைப் பிரிப்பார்கள். மைனாவுக்கு இதெல்லாம் எரிச்சல். “இந்தா, மொத்தமா கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். கதைப் பேரை மட்டும் எழுதி நீயே வச்சு அனுப்பிடு” என்று ஒரு கட்டுத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவள் சுபாவமே அப்படி. அலுப்பான வேலை எதுவாக இருந்தாலும் அது அடுத்தவர் தலையில்தான்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. என்னைப் பார்த்து, எப்போதோ போய்ச் சேர்ந்த என் அம்மா என்று நினைத்துக்கொண்டார். “இவ்வளவு நேரம் எங்க போயிட்ட?” என்று ஒருநாள் கேட்டார். ‘நான் உன் பொண்ணுப்பா’ என்று சொன்னால் அழுவார். அதனால், “கடைக்குப் போயிருந்தேங்க. வாங்க, சாப்பிடலாம்” என்றேன். அந்த ‘ங்க’ என் வாயில் வந்ததும் அவர் முகம் தெளிந்தது. அதன்பிறகு அவர் சாகிறவரை நான் என் அம்மாவாக இருந்தேன். அதட்டிச் சாப்பிட வைத்தேன். பழைய சண்டைகளுக்கு மன்னிப்புக் கேட்டார், மன்னித்தேன்.

ஒரு வாசகர் வட்டம் வைத்த போட்டிக்காக இதைக் கதையாக எழுதினேன். வேறு யாருக்கும் சொல்லாத விஷயம் அது. டீக்கடை மாடியில் மைனாவிடம் கொடுத்தேன். அவள் படித்தாள், ஜன்னலைப் பார்த்தாள், டீயை ஊதினாள்.

“சரியா வரலடி” என்றாள். “ஒரே அழுகாச்சி. யாரும் நம்ப மாட்டாங்க. தூக்கிப் போடு.”

நான் கிழிக்கப் போனேன். கொடு, பின்பக்கம் எழுத ஆகும் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அந்தப் போட்டிக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. அவளுடையதை, அதிசயமாக, அவளே தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

பரிசளிப்பு விழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முதல் பரிசு மைனாவுக்கு. தலைப்பு வேறு, நடுவர் வாசித்துக் காட்டிய பகுதி என் வீட்டுக் கூடம். “கடைக்குப் போயிருந்தேங்க” என்று அவர் வாசித்தபோது பக்கத்தில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். மைனா மேடையேறி, இது தன் அப்பாவின் கதை என்று தழுதழுத்தாள். அவள் அப்பா முன்வரிசையில் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தார். ‘எனக்கு எப்போது நினைவு தப்பியது’ என்கிற முகத்தோடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எல்லோரும் கைதட்டுவதைக் கண்டு அவரும் தட்டினார். நானும்தான் தட்டினேன்.

வாசலில் அவளைப் பிடித்துக் கேட்டேன். கத்தவில்லை. ‘இது என் கதை இல்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் மட்டும் சொல், போதும் என்றேன்.

“ஏண்டி, நீ தூக்கிப் போட்டதுதானே?” என்றாள். “நான் எடுத்துத் தட்டிக்கொட்டிச் சரி பண்ணினேன். உன் பேருல போயிருந்தா ஆறுதல் பரிசுகூடத் தேறியிருக்காது. கோவப்படாத, உள்ளதைச் சொல்றேன். உனக்கு நடந்ததைத்தான் எழுத வருது. கற்பனைங்கிறதே உன்கிட்ட கிடையாது, கம்பவுண்டர்.”

வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. ஆனால் அவள் சொன்னது உண்மைதான் என்பதும் எனக்குத் தெரிந்தது. மைனா ஒரு நல்ல வாசகி. அதை யாரும் மறுக்க முடியாது.

சனிக்கிழமைச் சந்திப்பை நான் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு அதே வாசகர் வட்டம் போட்டி அறிவித்தது. ஒரு குற்றவாளி தன் வாயால் அமைதியாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலமாகக் கதை இருக்க வேண்டும் என்பது அந்த முறை நிபந்தனை. மைனா ஒரு வங்கிக் கொள்ளைக்காரனைப் பற்றி எழுதினாள். அவன் கதை முழுக்கக் காதல் வசனம் பேசினான். நானும் எழுதிப் பார்த்தேன். விஷம் வைக்கிறவள், கழுத்தை நெரிக்கிறவன், மலையிலிருந்து தள்ளிவிடுகிறவன் என்று யார் யாரையோ எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் எனக்கே தெரிந்தது, சரியாக வரவில்லை. நடந்ததைத்தான் எனக்கு எழுத வரும்.

அப்படியானால் ஏதாவது நடக்க வேண்டும். இதைச் சொல்லும்போது என்னைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். ஒரு கணக்குக்கு விடை வருவதுபோல் நிதானமாகத்தான் வந்தது.

மைனாவின் கணவர் முன்பே இறந்துவிட்டார், அவளோடு அவள் மாமியார் இருந்தார். இதய நோயாளி. நான் அவரை அம்மா என்று கூப்பிடுவேன். கிழமைக்கு ஒரு மூடி வைத்த மாத்திரை டப்பா ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஏழு மூடி, ஏழு அறை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை நிரப்ப வேண்டியவள் மைனா. அவளுக்கு அலுப்பு. அவள் வீட்டுக்கு நான் போகிற ஞாயிறுகளில் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கொஞ்ச நாளில் அது என் வேலையாகவே ஆகிவிட்டது. ஆனால் வெளியூரிலிருக்கும் நாத்தனாரிடம் போனில், “வாரா வாரம் நான்தான் என் கையால அடுக்கி வைக்கிறேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

“நீ அடுக்கினாத்தான் எனக்கு நம்பிக்கை, கண்ணு” என்பார் மாமியாரம்மா. “அவ அவசரத்துல மாத்தி வச்சிருவா.”

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதையும் தூக்கிப் போட மனசு வராது. மாத்திரை தீர்ந்த வெற்று அட்டைகளைக்கூட, பளபளவென்று இருக்கிறதே என்று கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். வீட்டு மனுஷர்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். காலி அட்டைகளை அதில் போடுவதும் நான்தான்.

மைனாவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. அன்று ஒருநாள் மட்டும் அவளே மூடியைத் திறந்து மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். மற்ற நாளில் அவராகவே எடுத்துக்கொள்வார். நான் மாற்றியது வியாழக்கிழமை அறையை மட்டும்தான். என்ன மாத்திரை என்று இங்கே எழுதவில்லை. கதையிலும் எழுதவில்லை. அந்த அடக்கத்தை நடுவர் பாராட்டினார். மாத்திரையின் காலி அட்டையை பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, மாமியாரம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மாமியாரம்மா மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலை, கடையிலிருந்து இருமல் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அங்கே போனேன். பார்க்காமல் எனக்கு எழுத வராது. நான் போனபோது ஆரம்பித்திருந்தது. மைனா டாக்டரைக் கூட்டிவரச் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அதையும் சொல்லிவிடுகிறேன், அவள் உண்மையாகவே பதறினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து மாமியாரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். “நீ வந்துட்டியா, இனிமே பயமில்ல” என்றார். நான் வெட்டிவிட்ட நகங்களின் நிறம் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்தேன். கட்டைவிரல்தான் கடைசி.

டாக்டர் வந்து, இந்த வயதில் இந்த இதயத்துக்கு இது எதிர்பார்த்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் வந்து அழுதாள். எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தது நான்.

அந்த வாரமே கதை வந்துவிட்டது. தடங்கலே இல்லை. சொல்கிறவள் மருமகள். டப்பா, கிழமைகள், கட்டிலுக்கடியில் அட்டைகள், நகங்கள். ‘வியாழக்கிழமை மூடி’ என்று தலைப்பு வைத்தேன். மைனாவின் வங்கிக் கொள்ளைக்காரனை எடுத்துவிட்டு, அவள் கையெழுத்துப் போட்ட தாளோடு இதை வைத்து அனுப்பினேன். என் பெயரில் மலையிலிருந்து தள்ளிவிடுகிறவன் போனான்.

அப்போதும் நான் அவளுக்கு வழி விட்டுத்தான் வைத்திருந்தேன். அவள் செய்ய வேண்டியதெல்லாம், பரிசு அறிவிக்கும்போது ‘இது என் கதை இல்லை’ என்று சொல்வது. எந்தச் சின்னக் குழந்தையும் சொல்லும். தான் எழுதாத கதைக்குப் பரிசு என்றால் யார்தான் வாங்குவார்கள்?

முதல் பரிசு, ‘வியாழக்கிழமை மூடி’ என்று தலைப்பையும் அவள் பெயரையும் வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைனா எழுந்திருக்கவில்லை. தலைப்பு அவளுக்கு விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். சொல்லிவிடடி என்று மனசுக்குள் கெஞ்சினேன் என்றால் நம்புவீர்களா? பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தம் அவள் முகத்தில் ஏறியதை நான் பார்த்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். நடுவர் நகங்களைப் பற்றிய பத்தியை மட்டும் வாசித்து, கற்பனையின் உச்சம் என்றார். மைனா மைக்கைப் பிடித்து, “எழுதும்போது நான் அந்த மருமகளாவே மாறிட்டேன்” என்றாள். முழுக்கதையை அவள் இன்னும் படிக்கவே இல்லை.

எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. மலையிலிருந்து தள்ளிவிடுகிறவனுக்கு.

யார் எழுதியது என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டால் தான் எழுதவில்லை என்று ஆகிவிடும் அல்லவா. நாங்கள் டீக்கடை மாடியில் உட்கார்ந்து வேறு என்னென்னவோ பேசினோம்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பரிசுக் கதைகளைப் பத்திரிகையில் போட்டார்கள். அண்ணி எழுதியது என்று நாத்தனார் ஆசையாக வாங்கிப் படித்திருக்கிறாள். பாதியில் எழுந்து பஸ் ஏறி வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை இழுத்திருக்கிறாள். அம்மாவுக்கு எந்த டாக்டரும் எழுதித் தராத ஒரு அட்டை அதில் இருந்தது. வாரா வாரம் அடுக்குவது யார் என்று அவளுக்குப் போனிலேயே பல தடவை சொல்லப்பட்டிருந்தது. நீங்கள் எங்கள் கடைக்கு வந்து, இந்த மாத்திரையை மைனா இங்கே வாங்கினாளா என்று கேட்டீர்கள். ஞாபகம் இல்லை என்றேன். தலைவலி மாத்திரை கேட்டீர்கள், கொடுத்தேன்.

வழக்கு நடந்த நாளெல்லாம் நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். ஜெயில் பயத்திலாவது அவள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். ‘அது என் கதை இல்லைங்க, நான் எழுதலைங்க.’ அதைக் கேட்டுவிட்டால் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் உள்ளே இருந்திருப்பாள், நான் வெளியே இருந்திருப்பேன், கணக்கு நேராகியிருக்கும்.

இன்று காலை நீதிபதி அவளைப் பார்த்து, தீர்ப்புக்கு முன் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“கதையை நான்தாங்க ஐயா எழுதினேன். அது என்னோடதுதான். ஆனா கொலை நான் பண்ணல. அத்தனையும் கற்பனை. கற்பனை பண்ணத் தெரிஞ்சது ஒரு குத்தமாங்க?”

வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார் என்பீர்கள். கையெழுத்து இருக்கிறது, மேடைப் பேச்சு இருக்கிறது, இல்லை என்றால் எடுபடாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ‘என்னோடதுதான்’ என்று சொன்னபோது அவள் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன். அது வக்கீல் சொல்லிக்கொடுத்ததில்லை. தூக்கில் போட்டாலும் அந்தக் கதையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவாள்.

என் அப்பாவை எடுத்துக்கொண்டாள். இதையும் எடுத்துக்கொள்ள விட மாட்டேன். அதனால்தான் கோர்ட்டிலிருந்து நேராக இங்கே வந்தேன்.

குறித்துக்கொள்ளுங்கள். மாமியாரம்மாவைக் கொன்றது நான். அதை எழுதியதும் நான். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அவளிடம் விட்டுவைக்க முடியாது, இரண்டும் ஒரே கை. அதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. நகங்களைப் பார்த்தது நான். மைனாவை வெளியே விடுவதைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை, அது உங்கள் பாடு. வாசகர் வட்டத்துக்கு மட்டும் தகவல் சொல்லிவிடுங்கள், அடுத்த பதிப்பில் பெயரை மாற்றிப் போடட்டும்.

இதுவரை எழுதிய எந்தப் பக்கத்திலும் என் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழக்கதோஷம். தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இது என் சொந்தப் படைப்பு என்கிற உறுதிமொழியோடு கீழே வைத்திருக்கிறேன்.

நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டேன். ஒருமுறை படித்தும் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் இழுக்கிறதோ என்று சந்தேகம். எனக்கு மனசில் இப்போது கோபம் எதுவும் இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இதில் ஒரு பிரதி எடுத்து மைனாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வந்திருச்சா இல்லையா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் இங்கேயே காத்திருக்கிறேன்.